நண்பர்களோடு நாக்சோஸ் தீவில் ஒரு கோடை விடுமுறை: தேதி குறிப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

கிரேக்கத் தீவு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சாந்தோரினியின் வெள்ளைச் சுவர்களும் நீலக் கும்மட்டங்களும்தான். இருவராகப் போய் இரண்டு இரவு தங்கிவர அது அருமையான இடம். ஆறேழு நண்பர்கள் சேர்ந்து ஒரு வாரம் போவதாக இருந்தால் என் யோசனை வேறு. நாக்சோஸுக்குப் போங்கள், அந்த வாரம் முழுவதும் அங்கேயே இருங்கள். சாந்தோரினி, பாரோஸ், மிக்கோனோஸ் என்று ஒரே வாரத்தில் மூன்று தீவுகளை அடுக்கும் குழு, விடுமுறையில் கணிசமான பகுதியைத் துறைமுக வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்தே கழிக்கும். ஒருவர் கிளம்பப் பத்து நிமிடம் ஆகும். ஏழு பேர் கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆள் கூடக் கூட இடமாற்றம் குறைய வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் யோசனைகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான்.

ஏன் நாக்சோஸ்? சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் அதுதான் பெரியது, சுமார் 430 சதுர கிலோமீட்டர். மேற்குக் கரையில் மணற்கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. நடுவே ஆயிரம் மீட்டரைத் தொடும் ஸாஸ் மலை. தீவின் மண்ணில் உருளைக்கிழங்கு விளைகிறது, மாடும் ஆடும் மேய்கின்றன, பாலாடைக்கட்டி செய்கிறார்கள். சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்காத ஊர் என்பதால் சாப்பாட்டு விலை சாந்தோரினி அளவுக்குப் பயமுறுத்தாது. கடலில் கிடக்க விரும்புபவருக்கும், மலை ஏற விரும்புபவருக்கும், ஒன்றும் செய்யாமல் காப்பிக் கடையில் உட்கார விரும்புபவருக்கும் ஒரே தீவில் இடம் உண்டு. குழுவில் இந்த மூன்று வகையினரும் நிச்சயம் இருப்பார்கள்.

1. தேதி

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை மே மாதத்தில். அப்போது நாக்சோஸ் பச்சையாக இருக்கும், வாடகை குறைவு, கூட்டமும் இல்லை. ஆனால் கடல் இன்னும் சூடேறியிருக்காது. மெரினாவிலோ நீர்கொழும்பிலோ கால் நனைத்துப் பழகியவர்கள் முழங்கால் ஆழத்திலேயே திரும்பிவிடுவார்கள். நீந்த வேண்டுமானால் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு போக வேண்டும்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். மழை, இடி எதுவும் இருக்காது. பளிச்சென்ற நீல வானத்தின் கீழ் நாள்கணக்கில் விடாமல் வீசும். வெப்பத்தைத் தணிக்கும் நல்ல காற்றுதான். கடுமையானால் கடற்கரை மணலைக் காலில் ஊசிபோல் குத்த வைக்கும், கப்பல்களையும் நிறுத்திவிடும். ஆகஸ்ட் 15 அன்னை மரியாளின் துயில் விழா. அந்த நாளையொட்டி ஏதென்ஸ் நகரமே தீவுகளுக்கு இடம்பெயர்ந்துவிடும். கடைசி நேரத்தில் அறை தேடும் குழுவுக்கு அந்த வாரம் ஏற்றதல்ல.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரங்களைத்தான் சொல்வேன். கோடை முழுவதும் வாங்கிய சூட்டைக் கடல் அப்போதும் வைத்திருக்கும், காற்று தணியத் தொடங்கியிருக்கும், உணவகக்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். நீண்ட பகல் வேண்டுமென்பவர்கள் ஜூன் கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது இரவு எட்டே முக்கால் வரை வெயில் அடங்காது.

2. ஆட்களும் பணமும்

வாட்ஸ்அப் குழுவில் 'நானும் வருகிறேன்' என்பவர்கள் ஒரு பட்டியல், முன்பணம் அனுப்புபவர்கள் இன்னொரு பட்டியல். இரண்டாவதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். தேதி முடிவான வாரத்திலேயே ஒரு தொகையைக் கேளுங்கள். அறைக்கும் கப்பலுக்கும் போதுமான அளவு இருந்தால் போதும். அந்தக் கெடுவுக்குள் அனுப்பாதவர் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று அறை பதிவு செய்தபின் இருவர் விலகினால் வரும் சங்கடம் இதைவிடப் பெரியது.

ஆறு பேர் என்பது வசதியான எண்ணிக்கை. மூன்று அறைகள், இரண்டு சிறிய கார்கள், உணவகத்தில் முன்பதிவு இல்லாமலே கிடைக்கக்கூடிய ஒரு மேசை. எட்டைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிவரும்.

செலவை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். அறை, கப்பல், கார், பெட்ரோல் ஆகியவை எல்லோருக்கும் சமம். சாப்பாடு அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும். மது தனிக் கணக்கு. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றும். தண்ணீர் மட்டும் குடித்தவர் நான்கு இரவுகள் மற்றவர்களின் ஒயினுக்குப் பங்கு கொடுத்தால் ஐந்தாம் இரவு அவர் முகம் மாறும். வாய்திறந்து சொல்லவும் மாட்டார். புறப்படும் முன்பே பேசிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. கணக்கெழுத ஸ்பிளிட்வைஸ் போன்ற ஒரு செயலி போதும், ஆனால் செலவு நடந்த இடத்திலேயே பதிய வேண்டும்.

பணம் செலுத்தும்போதும் ஏடிஎம்மில் எடுக்கும்போதும் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மாற்று விகிதத்தில் பணம் வீணாகப் போகும்.

3. விசா

பள்ளித் தோழர்கள் இன்று ஒரே ஊரில் இருப்பதில்லை. ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் டொராண்டோவில். சிங்கப்பூர், மலேசிய, கனடிய, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா, வேண்டும். ஆகவே குழுவின் நாட்காட்டி இவர்களைப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கலாம். கோடையில் சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கிரீஸ் மட்டும் போவதானால் கிரீஸுக்கே விண்ணப்பிக்க வேண்டும். வேறு ஷெங்கன் நாடுகளும் உண்டென்றால் அதிக நாள் தங்கும் நாட்டுக்கு.

குழுவாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டை ஒருவர் தன் பெயரில் மட்டும் பதிவு செய்திருப்பார். மற்ற ஐவரின் விண்ணப்பத்தில் தங்குமிடத்துக்கு ஆதாரம் இருக்காது. எல்லோர் பெயரும், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே, பதிவுத்தாளில் இருக்கும்படி வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவதும் விசா கைக்கு வரும்வரை பாதுகாப்பு.

4. ஏதென்ஸிலிருந்து தீவுக்கு

நாக்சோஸில் சிறிய விமான நிலையம் உண்டு. ஏதென்ஸிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. விமானம் சிறியது, ஆறு பேருக்கு ஒரே விமானத்தில் இடம் கிடைத்து, விலையும் கட்டுப்படியாவது அரிது. கப்பல்தான் குழுவுக்கு ஏற்றது.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரண்டு வகைக் கப்பல்கள் உண்டு. கார், லாரி எல்லாவற்றையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். விரைவுக் கப்பல் மூன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடும், டிக்கெட் விலை அதற்கேற்பக் கூடும். நான் பெரிய கப்பலைத்தான் பரிந்துரைப்பேன். திறந்த தளத்தில் உட்காரலாம், நடக்கலாம், காற்று பலமாக இருந்தாலும் ஆட்டம் குறைவு. விரைவுக் கப்பலில் பெரும்பாலும் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் வயிறும் கொந்தளிக்கும்.

பெரிய கப்பல்கள் பலவும் காலை ஏழரை வாக்கில் புறப்படும். இரவில் ஏதென்ஸில் இறங்குபவர்கள் நகர மையத்தில் தங்காமல் பிரேயஸிலேயே தங்கினால் விடியற்காலை ஓட்டம் மிச்சம். 2022 முதல் மெட்ரோவின் மூன்றாம் தடம் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை நேராக ஓடுகிறது; பயணம் ஒரு மணி நேரம். மெட்ரோ ஓடாத நேரத்துக்கு எக்ஸ்96 என்ற பஸ் இரவு முழுவதும் உண்டு. துறைமுகம் மிகப் பெரியது, வாயில்களுக்கு எண் உண்டு. உங்கள் கப்பல் எந்த வாயில் என்பதை முந்தைய நாளே பார்த்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கப்பலில் ஏறும்போது பின்பக்கச் சரிவுத் தளம் வழியாகத்தான் ஏற வேண்டும், லாரிகளுக்குப் பக்கத்திலேயே. உள்ளே சுவரோரம் பெட்டி வைக்கும் அலமாரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தீவின் பெயர் எழுதியிருக்கும். நாக்சோஸ் என்றிருக்கும் அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டு, கடவுச்சீட்டும் மருந்தும் உள்ள பையை மட்டும் மேலே கொண்டு போங்கள். இறங்குவதுதான் வேடிக்கை. துறைமுகம் நெருங்கும்போது ஒலிபெருக்கி அழைக்கும். எல்லோரும் கீழே வண்டித் தளத்தில் டீசல் வாசனையில் நெருக்கியடித்து நிற்பார்கள். கப்பல் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போதே சங்கிலி கடகடக்கச் சரிவுத் தளம் இறங்கும். இடுக்கில் முதலில் ஒரு கீற்று வெளிச்சம், பிறகு வெள்ளை வெயில், பிறகு துறைமுகம். கப்பல் அங்கே சில நிமிடங்கள்தான் நிற்கும். கழிப்பறைக்குப் போன நண்பருக்காக அது காத்திருக்காது. முந்தைய நிறுத்தம் பெரும்பாலும் பாரோஸ் என்பதால், பாரோஸைத் தாண்டியதுமே ஆட்களை எண்ணத் தொடங்குங்கள்.

5. வீடு

குளியல் தொட்டியும் மொட்டை மாடியும் உள்ள பெரிய வில்லா படத்தில் அழகாக இருக்கும். நான்கு படுக்கையறைக்கு இரண்டு குளியலறை, ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர், பெரிய அறை யாருக்கு என்ற பேச்சு. அதைவிட ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்த மூன்று தனி அறைகள் நண்பர்களுக்குப் பொருந்தும். ஒவ்வொன்றிலும் குளியலறையும் சிறு சமையல் மேடையும் இருக்கும். முற்றம் பொது, கதவு தனி. நாக்சோஸில் குடும்பங்கள் நடத்தும் இப்படிப்பட்ட விடுதிகள் ஏராளம்.

இடம் எது? தலைநகரான ஹோராவின் தெற்கு ஓரம், ஆகியோஸ் ஜார்ஜியோஸ் கடற்கரைக்கு அருகில். துறைமுகம், பஸ் நிலையம், உணவகங்கள், கடல் எல்லாம் நடை தூரம். இரவு யார் குடிக்காமல் வண்டி ஓட்டுவது என்ற கேள்வியே எழாது. கடற்கரைதான் முக்கியம், ஊர் வேண்டாம் என்றால் ஆகியா அன்னா அல்லது ஆகியோஸ் புரோகோபியோஸ்.

வாடகைக்கு மேல் 'காலநிலை நெருக்கடிக் கட்டணம்' என்ற ஒன்றை அங்கேயே வசூலிப்பார்கள். 2025 முதல் கோடை மாதங்களில் விடுதியின் தரத்தைப் பொறுத்து அறைக்கு ஓர் இரவுக்கு 2 முதல் 15 யூரோ வரை. மூன்று அறை, ஏழு இரவு என்றால் கணக்கில் சேர்க்க வேண்டிய தொகைதான்.

தங்கும் இடத்தில் இரண்டு வழக்கங்கள். கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடக்கூடாது, பக்கத்திலுள்ள கூடையில் போட வேண்டும், குழாய்கள் மெலிந்தவை. கோடையில் பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை சட்டப்படி அமைதி நேரம். அப்போது முற்றத்தில் பாட்டுப் போட்டால் வீட்டுக்கார அம்மாள் வந்து நிற்பார், நியாயமும் அவர் பக்கம்தான்.

6. வண்டி

வாரம் முழுவதும் கார் தேவையில்லை. ஹோராவிலிருந்து ஆகியோஸ் புரோகோபியோஸ், ஆகியா அன்னா, பிளாக்கா கடற்கரைகளுக்குக் கோடையில் அடிக்கடி பஸ் உண்டு. மலைக் கிராமங்களுக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் மட்டும் கார் எடுத்தால் போதும். இந்திய ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள் புறப்படும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. கியர் வண்டிகள்தான் அதிகம், தானியங்கி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலை வளைவுகளில் ஆடுகள் நிற்கும். டயர், வண்டியின் அடிப்பாகம், மண்பாதை ஆகியவற்றைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். எடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுத்துவையுங்கள்.

நான்கு சக்கர ஏடிவி வண்டிகள் இளைஞர்களை இழுக்கும். பழக்கமில்லாதவர்கள் சரிவில் கவிழ்வது சகஜம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

7. அங்கே ஒரு வாரம்

நேர அட்டவணை போடாதீர்கள். நாளுக்கு ஒரு பொது நிகழ்ச்சி, அதுவும் பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. மற்ற நேரம் அவரவர் விருப்பம். காலையில் காற்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்யலாம். காற்றில்லாத நாளில் நான்கு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பிளாக்கா. காற்று வீசும் நாளில் மிக்ரி விக்லா கடற்கரையின் வடக்குப் பக்கம், பட்டத்தின் இழுப்பில் நீரில் சறுக்குபவர்களால் நிறைந்திருக்கும். பாறை முனையைக் கடந்து தெற்குப் பக்கம் போனால் நீர் அமைதியாக இருக்கும். காற்று மிகக் கடுமையென்றால் மலைக்குப் போய்விடுங்கள்.

கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு. துண்டை விரித்து இலவசமாக உட்காரவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2023 கோடையில் பக்கத்துத் தீவான பாரோஸில், நாற்காலிகள் கரையை அடைத்துவிட்டன என்று உள்ளூர்க்காரர்கள் துண்டுகளோடு திரண்டார்கள். போராட்டம் மற்றத் தீவுகளுக்கும் பரவியது. 2024இல் வந்த சட்டம் வாடகைக்கு விடும் கடற்கரையில் பாதியையாவது காலியாக விட வேண்டும், நாற்காலிகள் நீரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது.

மலை நாளுக்கு ஒரு வழி: காலையில் ஹல்கி கிராமம். அங்கே 1896 முதல் இயங்கும் வல்லிந்திராஸ் வடிசாலையில் கித்ரோன் என்ற மது செய்கிறார்கள். நம் கடாரங்காய் வகைக் கனி மரத்தின் இலைகளிலிருந்து வடிப்பது. பச்சை நிறத்தது இனிப்பு அதிகம், மஞ்சள் நிறத்தது காரம் அதிகம்; சுவை பார்க்கத் தருவார்கள். ஓட்டுநர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். பிறகு ஃபிலோத்தி வழியாக அபெய்ராந்தோஸ். தெருவே பளிங்கு பாவியது. காலணி வழவழப்பானதாக இருந்தால் இறக்கத்தில் கவனம். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் சாணைக்கல் சுரங்கங்களால் வாழ்ந்தது. தோண்டிய கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற கம்பித்தடத்தின் எச்சங்கள் மலைச்சரிவில் நிற்கின்றன. வடகோடியில் அப்போலோனாஸ் ஊருக்கு மேலே, பத்து மீட்டருக்கு மேல் நீளமான பளிங்குச் சிலை ஒன்று செதுக்கி முடிக்கப்படாமல் குவாரியிலேயே மல்லாந்து கிடக்கிறது. வேலியில்லை, டிக்கெட் இல்லை. தாடி இருக்குமிடம் தெரிகிறது. முகம் இன்னும் வரவில்லை.

ஸாஸ் மலை ஏறுபவர்கள் ஆகியா மரினா தேவாலயத்திலிருந்து தொடங்கினால் ஏற்றம் எளிது. விடியற்காலையில் கிளம்புங்கள், பாதையில் நிழல் இல்லை.

மாலையில் போர்ட்டாரா. கி.மு. 530 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட அப்பல்லோ கோவிலின் பளிங்கு வாசல் அது, ஆறு மீட்டர் உயரம். துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். காற்று நாளில் வழியில் அலை தெறிக்கும், கேமராவை மூடிவைத்துக்கொள்ளுங்கள்.

8. சாப்பாடு

சைவ நண்பர்கள் கவலைப்பட வேண்டாம். தக்காளியிலும் குடைமிளகாயிலும் அரிசி அடைத்து வேகவைத்த கெமிஸ்தா, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளைப் பயறான கிகாந்தெஸ், கத்தரி, சுரை வகைக் காய்களை எண்ணெயில் ஊறவிட்டுச் சுட்ட பிரியாம், மசித்த மஞ்சள் பருப்பான ஃபாவா. ஃபாவாவைப் பார்த்ததும் நம்மவர்கள் சோறு தேடுவார்கள். மிளகாய்க் காரம் மட்டும் அரிது. ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டு போவதில் வெட்கமில்லை. இறைச்சியோ பாலோ கலக்காத உணவு வேண்டுமென்றால் 'நிஸ்திசிமோ' என்று கேளுங்கள். ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் விரத காலம் என்பதால் அது அதிகம் கிடைக்கும். சாஸில் இறைச்சிச் சாறு உண்டா என்று தனியாகக் கேட்பது நல்லது.

ஆளுக்கொரு தட்டு என்று சொல்லாமல் நடுவில் வைத்துப் பகிரும்படி ஐந்தாறு தட்டுகள் சொல்லுங்கள். உள்ளூர் உருளைக்கிழங்கு வறுவலும் நாக்சோஸ் கிராவியேரா பாலாடைக்கட்டியும் அதில் கட்டாயம் இருக்கட்டும். முழு மீனுக்கு விலை கிலோ கணக்கில். சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது தவறான வழக்கமல்ல. ரொட்டி கேட்காமலே வரும், பில்லிலும் வரும். ஒன்பது மணிக்கு முன் போனால் மேசை கிடைக்கும், உள்ளூர்க் கூட்டத்தைப் பார்க்க முடியாது.

9. திரும்புதல்

விமானம் புறப்படும் நாளன்று காலைக் கப்பலில் தீவை விட்டுக் கிளம்பாதீர்கள். காற்று எல்லை மீறினால் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்திவிடும். கப்பல் ஊழியர்களின் வேலைநிறுத்தமும் கிரீஸில் புதிதல்ல. ஒரு நாள் முன்னதாக ஏதென்ஸ் வந்து சேருங்கள். கப்பல் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். தவறிய விமானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தீவில் இருக்கும்போது தொலைபேசியில் 112இலிருந்து காட்டுத்தீ எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். அவசர உதவிக்கும் அதே எண்தான்.

அந்தக் கூடுதல் நாளில் அக்ரோபோலிஸ் பார்க்கலாம். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். மாலையில் உட்கார்ந்து கணக்கை முடியுங்கள். ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மூன்று நாணயங்களில், நான்கு நேர மண்டலங்களில் அது மாதக்கணக்கில் இழுக்கும். கார் வாடகைக்காக யாருடைய அட்டையில் முன்வைப்புத் தொகையை நிறுத்தி வைத்தார்களோ, அது விடுபடச் சில நாட்கள் ஆகும். அவர் மட்டும் அதுவரை கணக்கை மூடாமல் வைத்திருக்கட்டும்.